மதிப்பற்றவை

திருமங்கலம் கோர்ட்டு புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது.
சொத்து அறையைக் காலி செய்ய
எனக்கும் டவாலி சௌந்திரத்துக்கும் மூன்று நாள்.
ஊறல் கலயம், பிடி உளுத்த வெட்டரிவாள்,
ஒரு சைக்கிளின் முன்சக்கரம் மட்டும்.
மூட்டைக்கு மூட்டை தும்மினோம்.

இரண்டாம் நாள் மத்தியானம்
சணல் சுற்றிய மருந்துப் புட்டி ஒன்று.
ஐம்பத்தெட்டாம் வருஷம்.
ஊர்ப் பெயரைக் கரையான் தின்றிருந்தது.
'சான்றுப் பொருள் நான்கு: பற்கள், ஆறு.'
எண்ணினேன்.
ஐந்து.

கட்டைத் தேடிப் பிரித்தேன்.
மூன்று கன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளையும் போன வைகாசியில்
அவள் வாசலைத் தோண்டியிருக்கிறார்கள்.
செம்புத் தகடு அகப்பட்டது, செய்வினை என்றது ஊர்.
இதோ என் உள்ளங்கையில் இருக்கிறது:
மதுரையில் ஏதோ பஞ்சாலை,
உள்ளே நுழைகிறவனுக்குத் தரும் பித்தளை வில்லை,
எண் 417.
புருஷனுடையதா, அவன் செத்தபின் புதைத்தாளா,
பிள்ளை விளையாடித் தொலைத்ததா,
யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

'பல்லுப் போனாச் சொல்லுப் போச்சு சாமி,
அப்புறம் மந்திரம் பலிக்காது.'
இரண்டாம் எதிரி, லாடம் அடிப்பவன்,
போலீசில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான்.
குறடு அவனுடையது.
அது இப்போது அறையில் இல்லை.
தொழிலுக்கு வேண்டும் என்று மனுப் போட்டு
தீர்ப்பான பதினோராம் நாள் வாங்கிப் போய்விட்டான்.
ரசீது பத்திரமாக இருக்கிறது.

அழகுபேச்சி கூண்டேறியபோது
சத்தியம் வாங்க முடியவில்லை.
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த இலக்கணம்
அந்தப் புழுதியில் வந்து நின்றது:
தவும் நவும் மேல்பல்லின் அடியில் பிறக்கும்,
வவுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும்.
சத்தியத்தில் த இரண்டு.
நாக்கைப் பின்னால் மடக்கிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன்.
தண்ணீர். வலி. நீதி.
நான்.
சௌந்திரம் திரும்பிப் பார்த்தாள்.

அம்மா, ஐயா, பசி மிஞ்சும்.
குறடு என்று சொல்லப் பல் வேண்டாம்.
சூனியக்காரி என்று சொல்லவும்.
இல்லை என்று சொல்லலாம்,
சொல்லியிருக்கிறாள்,
அந்தக் கால எழுத்தர் ஒன்றையும் விடவில்லை,
இல்லை இல்லை இல்லை, பக்கம் முழுக்க.
ஓரத்தில் பென்சிலால்: 'மற்றவை விளங்கவில்லை.'
பெயரை மட்டும் முழுசாகச் சொன்னாள் போலிருக்கிறது.
அதில் அடித்தல் திருத்தல் கிடையாது.

சந்தேகத்தின் பலன் எதிரிகளுக்கு.
விடுதலை.

ஆறாவது பல் எங்கே?
சாயங்கால பஸ்ஸில் அதுவே ஓடியது.
சூனியக்காரி பல் இடுப்பில் கிடந்தால்
பிள்ளையைக் காத்துக்கருப்பு அண்டாது என்பார்கள்
எங்கள் பக்கத்தில்.
என் தம்பி அரைஞாணில் ஒரு வெள்ளித் தாயத்து,
பெரியவர் இடுப்பிலிருந்து வந்தது.
ஓடும்போது உள்ளே என்னமோ கிலுகிலுக்கும்.
காதோரம் வைத்து ஆட்டிச் சிரிப்போம்.
ராணுவத்துக்குப் போகையில் கழற்றினான்,
நகைக்கடையில் எடை போட்டு விற்றோம்.
திறந்து பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பட்டியல் உத்தரவோடு திரும்பி வந்தது.
பித்தளை வில்லை, ஏலத்துக்கு.
பற்கள், மதிப்பற்றவை, அழிக்கவும்.

சாராயத்தை அழிக்க விதி உண்டு, பல்லுக்கு இல்லை.
சௌந்திரம் ஒன்றும் பேசாமல்
பின்பக்கம் மேய்ந்த மாட்டின் சாணியைக் கிள்ளி வந்தாள்.
ஒவ்வொன்றாக உருட்டி
பழைய கோர்ட்டின் ஓட்டுமேல் எறிந்தோம்,
பால்பல்லுக்குச் செய்கிற மாதிரி.
நான்கு தங்கின.
ஒன்று கடகடவென்று உருண்டு வந்து
என் காலடியில் விழுந்தது.
மறுபடி எறிந்தேன்.
மறுபடி விழுந்தது.

'அழிக்கப்பட்டது, ஐந்து' என்று எழுதிக்
கையெழுத்துப் போடும்போது
இடது கையைத் திறக்கவில்லை.